துருவனும் அருந்ததியும்

(வேலந்தாவளத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் விவாகங்களில் துருவனையும் அருந்ததியையும் தம்பதிக்குக் காட்டுவது சம்பிரதாயம். இப்போது பல இடங்களில் பட்டப்பகலில் மண்டபக் கூரையைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். "நக்ஷத்திரம் எல்லாம் நகர்கிறதாமே, துருவன் மட்டும் எப்படி நிலையானவன்?" என்று பேரன் கேட்டால் நாம் பதில் சொல்ல வேண்டாமா?

நகர்வது உண்மைதான். 1718-ல் எட்மண்ட் ஹாலி, பழைய கிரேக்க அளவுகளோடு ஒப்பிட்டு, சுவாதி முதலிய சில நக்ஷத்திரங்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டார். சுவாதி ஒரு நிலவின் அகலம் நகரச் சுமார் 800 ஆண்டுகள் ஆகின்றன. உயரத்தில் பறக்கும் விமானம் மெதுவாக ஊர்வதுபோல் தோன்றுகிறதல்லவா? தூரம் கூடக்கூட வேகம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

துருவன் விஷயம் வேறு. பூமியின் அச்சு, தளரும் பம்பரம்போல், சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுகிறது. அதனால் துருவ ஸ்தானத்துக்கு வரும் நக்ஷத்திரமே மாறுகிறது. சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன் துபான் என்ற நக்ஷத்திரம் அங்கே இருந்தது.

வசிஷ்டரும் அருந்ததியும் சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறார்கள். வினாடிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஒரே திசையில் செல்கிறார்கள். சப்தரிஷிகளில் புலஹர், புலஸ்தியர், அத்ரி, அங்கிரஸ் ஆகியோரும் அவர்களோடு போகிறார்கள். க்ரதுவும் மரீசியும் மட்டும் வேறு வழி. ஆகவே பல்லாயிரம் ஆண்டுகளில் சப்தரிஷி மண்டலத்தின் உருவம் மாறிவிடும். வசிஷ்டரும் அருந்ததியும் சேர்ந்தே செல்வார்கள்.

ஆக, பேரனிடம் தைரியமாகச் சொல்லலாம்: அசையாமல் நிற்பது அல்ல, ஓட்டத்திலும் உடன் வருவதே இல்லறம். விஞ்ஞானம் சம்பிரதாயத்தைக் குறைக்கவில்லை. அதன் அர்த்தத்தை ஆழமாக்குகிறது.

ஒரு வேண்டுகோள். சித்திரை, வைகாசியில் இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குச் சென்று வடக்கே பாருங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், நம் ஊரில் அடிவானத்திலிருந்து சுமார் ஒரு முஷ்டி உயரத்தில் துருவன். அதற்கு மேலே சப்தரிஷிகள். வால் பகுதியில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாகத் தெரிபவள் அருந்ததி. புதுத் தம்பதிக்கு நிஜ வானத்தையே காட்டுங்கள்.