ஏரிச் சொற்களும் ஏரிச் சட்டங்களும்



மழையைப் பாடாத கவிஞர் எவரும் இவ்வவையில் இரார். மழை பெய்யாத கவியரங்கம் ஒன்றேனும் இங்கு நடந்ததுண்டா என்று எண்ணிப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. ஆனால், பெய்த மழை எவ்வழியே போயிற்று என்று பாடியவர் மிகச் சிலர். அந்த வழியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

வெண்ணந்தூரில் நின்று பேசும்போது இதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அலவாய்மலையில் பெய்யும் மழை ஓடைகளாய் இறங்கி ஏரிகளுக்கு வருகிறது. ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகிறது. மறுபுறம், சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரின் ஊடே நடந்து, நஞ்சை இடையாற்றருகே காவிரியோடு கலக்கும் திருமணிமுத்தாறு. மணியும் முத்தும் பெயரில் இருக்கின்றன. நீரில் இருப்பவையோ நகரக் கழிவும் சாயக் கழிவும். பெருமழை பெய்தால் அந்த ஆறு நுரை பொங்கி வருவதை நாளிதழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மழைநீருக்கென்று வெட்டிய வழிகளைக் கழிவுநீருக்கும் திறந்துவிட்ட பின், மழை வந்தால் மகிழ்வதா அஞ்சுவதா என்று ஆற்றங்கரை உழவருக்கே விளங்கவில்லை.

இதற்கெல்லாம் விதிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன, இருக்கின்றன.

முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே நாம் பாடம் நடத்துகிறோம். அந்தக் குடவோலை எதற்கு என்பதை மாணவர்க்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு ஏரி வாரியத்துக்கும் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வரலாகாது என்பது விதி. ஏரியின் பராமரிப்புக்கு விட்ட நிலத்துக்கு ‘ஏரிப்பட்டி’ என்றும், அதற்கென வாங்கிய வரிக்கு ‘ஏரி ஆயம்’ என்றும் கல்வெட்டுகளில் பெயர் உண்டு. கடமைக்குப் பெயர் இருந்தது. அதற்குப் பணம் வரும் வழிக்கும் பெயர் இருந்தது.

இதைச் சொல்லி நான் பழம்பெருமை பாட வரவில்லை. அது பிராமண ஊர்ச் சபை. வீடும் நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடம். என் போன்றோர் பெயரெழுதிய ஓலை அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. பிற்காலத்துக் குடிமராமத்திலும் மண் சுமந்த தோள்கள் பெரும்பாலும் நிலமற்றவர்களுடையவை. 1858இல் ஆங்கில அரசு அந்த வழக்கத்தையே கட்டாய உழைப்புச் சட்டமாக்கி, வாராத குடிகளுக்குத் தண்டமும் விதித்தது. (குடிமராமத்து என்ற சொல்லில் பாதி அரபு. தூய தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. ஏரிக்கரை அதைப் பொறுத்துக்கொண்டது.)

நம் காலத்துச் சட்டங்களுக்கு வருகிறேன். 2003இல் தமிழகத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. 2005இல் சென்னை உயர்நீதிமன்றம், வருவாய்ப் பதிவேடுகளில் உள்ள ஏரி குளங்களை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்புகளை நீக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அச்சட்டம் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. நாற்பது ஹெக்டேருக்கும் குறைந்த ஆயக்கட்டுடைய சிற்றேரிகளோ உள்ளாட்சிகளின் கையில் உள்ளவை.

இவற்றினும் வியப்பானது நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் நாடுகள் கூடி வகுத்த உடன்படிக்கை, இயற்கையானதோ மனிதர் ஆக்கியதோ, நீர் நிற்கும் நிலம் ஈரநிலமே என்றது. நம் விதியோ பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட அமைப்புகளையும் குடிநீர்க்கென்று கட்டப்பட்ட நீர்நிலைகளையும் நெல் வயல்களையும் அந்த வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் ஏரி என்றால் வேறென்ன? வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். அங்கே கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் வந்ததால் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. புகழ்பெற்ற பறவைகள் வாராத ஏரிக்கு ஈரநிலம் என்ற பெயரே கிட்டுவதில்லை. ஒரு சொல்லின் வரையறை எத்தனை ஏரிகளை வெளியே தள்ளும் என்பதை இலக்கணம் பயிற்றும் நான் எந்த இலக்கண நூலிலும் கற்றதில்லை. அந்த விதியில்தான் கற்றேன்.

சொல் என்றதும் இன்னொன்று. ‘புறம்போக்கு’ என்பது வருவாய்த் தீர்வைக்கு உட்படாத பொது நிலத்தைக் குறித்த சொல். ஓடையும் ஏரியின் உள்வாயும் வண்டிப்பாட்டையும் மேய்ச்சல் நிலமும் அதில் அடங்கும். எல்லார்க்கும் உரியதைக் குறித்த அச்சொல்லை நாம் வசைச்சொல் ஆக்கினோம். சொல் இழிந்ததால் நிலம் இழிந்ததா, நிலத்தைக் கவர்வதற்காகச் சொல்லை இழித்தோமா என்பது ஆராயத் தக்கது. வரத்து, கோடி, கலிங்கு, மதகு, தூம்பு என்று வகுப்பில் எழுதிப் பொருள் கேட்டால் மதகு ஒன்றுக்குத்தான் கைகள் உயர்கின்றன. கலிங்கு தெரியாத தலைமுறை, அதன்மேல் வீடு எழும்போது எதைக் கண்டு திடுக்கிடும்?

புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, புகழ் நிலைக்க வேண்டுமாயின் நீரைத் தேக்கு என்று அறிவுரை சொல்கிறார். அரசனிடம் பரிசிலைத் தவிர வேறொன்றையும் கேட்கத் தெரிந்த புலவர் அவர். அந்தத் துணிவில் நானும் இவ்வட்டத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கவிதையோடு ஒரு துண்டுத்தாளும் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டருகே மழைநீர் ஓடும் வழிக்கு முதியவர்கள் சொல்லும் பெயர் என்ன, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் அது எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளது என்று அதில் எழுதுங்கள். தறிக்காரர் சொல்லும் சொல்லும் உழவர் சொல்லும் சொல்லும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

நான் தொடங்கிவிட்டேன். என் வீட்டின் பின்னால் ஒரு சந்து. இருபது ஆண்டுகளாக அதைச் சாக்கடைச் சந்து என்றே நாங்கள் அழைத்து வந்தோம். குப்பையும் அங்கேதான் கொட்டினோம். சென்ற மாதம் பதிவேட்டைப் பார்த்தேன். அதில் அந்தச் சந்துக்கு எழுதியிருந்தது ஒரே சொல்: ஓடை.