வாளியில் ஒரு தோட்டம்

(மும்பை, தாராவியில் தமிழ் எழுத்தறிவு வகுப்பு முடித்தவர்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தொண்டர் பேசியது)



இன்றைக்குப் புத்தகம் வேண்டாம். மூடி வையுங்கள். இந்த வாளியைப் பாருங்கள்.

இது 20 லிட்டர் பெயிண்ட் வாளி. இதில் இருப்பது முளைக்கீரை. விதை போட்டு 24 நாள் ஆகிறது. இரண்டு நாளில் பறிக்கலாம்.

இதை வளர்த்தது நான் இல்லை. நம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தை. "என் பேரைச் சொல்லக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் அத்தை என்றே சொல்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர்கள். தாராவிக்கு வந்து 30 வருடம் ஆகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்குச் செடி வளர்க்க ஆசை வந்தது. ஒரு பழைய சாமான் கடையில் நீல டிரம் ஒன்று வாங்கினேன். மலிவாகக் கிடைத்தது. பாதியாக அறுத்தேன். மண் போட்டேன். கீரை விதை தூவினேன்.

விதை முளைத்தது. ஐந்தாம் நாள் மஞ்சள் ஆனது. பத்தாம் நாள் கருகிப் போனது. திரும்பவும் விதைத்தேன். திரும்பவும் கருகியது. விதைதான் சரியில்லை என்று நினைத்தேன்.

ஒரு நாள் அத்தை அந்த வழியாக வந்தார்கள். குனிந்து டிரம்மை முகர்ந்து பார்த்தார்கள்.

"ஏட்டி, இதுல முன்னாடி என்ன இருந்துது?"

"தெரியலை அத்தை."

"என்ன இருந்துதுன்னு தெரியாத பாத்திரத்துல சோறு பொங்குவியா?"

எனக்குப் பதில் வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள். உங்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள். ஆனாலும் அது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அத்தைதான் வாத்தியார். நான் மாணவி.

நம் தாராவிக்கு இது முக்கியமான பாடம். 13 காம்பவுண்டில் எத்தனை டிரம், எத்தனை டப்பா வந்து இறங்குகிறது! ஊரில் உள்ள பிளாஸ்டிக்கெல்லாம் அங்கே வருகிறது. சிலவற்றில் எண்ணெய் இருந்திருக்கும். சிலவற்றில் சாயம், அமிலம், பூச்சி மருந்து இருந்திருக்கும். கழுவினாலும் முழுதாகப் போகாது. சில விஷம் செடியைக் கொல்லும். சில விஷம் செடியைக் கொல்லாது. கீரை பச்சையாகவே வளரும். விஷம் நம் வயிற்றுக்கு வரும். அது இன்னும் மோசம்.

ஆகவே முதல் விதி இதுதான். என்ன இருந்தது என்று தெரிந்த பாத்திரத்தில் மட்டும் செடி வையுங்கள். எண்ணெய் டின் நல்லது. அரிசிச் சாக்கு நல்லது. சுவருக்கு அடிக்கும் தண்ணீர் பெயிண்ட் வாளியை நன்றாகச் சுரண்டிக் கழுவி எடுத்துக் கொள்ளலாம். பட்டறை ஓரத்து மண்ணை அள்ளாதீர்கள். சாக்கடைத் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

"இத்தனை கஷ்டம் எதற்கு? மார்க்கெட்டில் கீரை கிடைக்கிறதே?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. ஒரு வாளியை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை தேசியக் குடும்ப நல ஆய்வு ஒன்று நடந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு இருந்தது.

இரத்த சோகை என்றால் என்ன? படி ஏறினால் மூச்சு வாங்கும். தலை சுற்றும். கண்ணின் உள் இமை வெளுத்திருக்கும். "வேலை அலுப்பு" என்று நாம் சொல்லிக் கொள்வோம். பல நேரம் அது அலுப்பு இல்லை. இரத்தத்தில் இரும்புச் சத்து போதவில்லை.

மாத இறுதியில் கையில் காசு குறைகிறது. அப்போது எதை முதலில் நிறுத்துகிறோம்? அரிசியை நிறுத்த மாட்டோம். டீயை நிறுத்த மாட்டோம். கீரையையும் காயையும்தான் நிறுத்துகிறோம். கீரை வாசலிலேயே இருந்தால் நிறுத்த வேண்டியது இல்லை.

கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் பொறுங்கள். டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். கீரை மாத்திரைக்குத் துணை. மாத்திரைக்குப் பதில் இல்லை.

சரி, அத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

வாளியின் அடியில் நான்கு ஐந்து ஓட்டை போடுங்கள். ஓட்டையின் மேல் சிரட்டைத் துண்டு வையுங்கள். தண்ணீர் போகும், மண் போகாது. மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த் தூள் ஒரு பங்கு. மூன்றையும் கலந்து நிரப்புங்கள். கீரைக்கு அரை அடி ஆழம் போதும். தக்காளி, மிளகாய்க்கு ஒரு அடி வேண்டும்.

வெயில் எவ்வளவு வேண்டும்? கீரைக்கு நான்கு மணி நேரம் இருந்தால் வளரும். காய்க்கு ஆறு மணி நேரம் வேண்டும். நம் சந்துகளில் வெயில் விழும் இடம் குறைவு. அத்தை தன் வாளிகளை மாடிப்படி திரும்பும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆள் நடக்க வழி விட்டு வைத்திருக்கிறார்கள். ஈர மண் நிறைந்த வாளி ஒன்று 25 கிலோ வரை கனக்கும். ஆகவே தகரக் கூரை மேலும் சிமெண்ட் தகடு மேலும் வைக்காதீர்கள். கீழே குழந்தைகள் படுத்திருப்பார்கள்.

குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். அதில் செடிக்கு எங்கே ஊற்றுவது? அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் போதும். சோப்புத் தண்ணீர் வேண்டாம். வாளிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்கும். அதில் டெங்கு கொசு முட்டை இடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். ஆகவே வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலக்கித் தெளியுங்கள். பறித்த கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

உரத்துக்கும் காசு வேண்டாம். இன்னொரு வாளியில் காய்த் தோல், பழத் தோல், டீத் தூள் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு கை காய்ந்த இலை போடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உரம் ஆகிவிடும். நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காய்ந்த இலையைக் கூட்டுங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தை வகுப்பு முடித்த பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. கேட்டால், "பேர் எழுதத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும், போதும் தாயி" என்றார்கள். எழுதாமல் விட்டால் எழுத்து மறந்து போகும். அத்தைக்கும் மறக்கத் தொடங்கியது. "ழ" எழுதச் சொன்னால் தயங்கினார்கள்.

செடி விஷயத்தில் நான் அத்தையிடம் மாணவி ஆனேன் அல்லவா? அவர்கள் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதினேன். பிறகு அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். நோட்டை அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். 20 நாள் கழித்து வந்து பார்த்தேன். நோட்டில் வேறு கையெழுத்து இருந்தது.

"5 தேதி வெதை போட்டன். 8 தேதி மொளச்சுது. 11 தேதி எறும்பு வந்துது. மஞ்சத் தூள் போட்டன். போச்சு."

எழுத்துப் பிழை இருந்தது. தேதியில் பிழை இல்லை. நான் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். யாரும் எழுதச் சொல்லாமல் அத்தை எழுதிய முதல் பக்கம் அது.

அந்த நோட்டு இன்னொரு வேலையும் செய்தது. ஊரில் ஆடியில் விதைப்போம். அத்தை இங்கேயும் ஆடியில் விதைத்தார்கள். நோட்டைப் பார்த்தால் ஜூலையில் போட்டது எல்லாம் "மழை அடிச்சுட்டுப் போச்சு" என்றே இருந்தது. அக்டோபரில் போட்டது எல்லாம் "நல்லா வந்துது" என்று இருந்தது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சின்னச் செடி தாங்குமா? ஊர்க் கணக்கு ஊருக்கு. இந்த ஊருக்கு வேறு கணக்கு. அந்தக் கணக்கை அத்தை எழுதி எழுதியே கண்டுபிடித்தார்கள்.

இப்போது நான்கு வாளி வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு வாளியில் விதைக்கிறார்கள். மழைக்காலம் போக, வாரம் ஒரு சின்னக் கட்டுக் கீரை கிடைக்கிறது.

இப்படித் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பவர்கள் நம் மாநிலத்தில் பலர் இருக்கிறார்கள்.

மும்பை போர்ட் டிரஸ்டின் உணவுக் கூடத்தில் பிரீத்தி பாட்டீல் என்ற அம்மையார் அதிகாரியாக இருந்தார். சமையல் கழிவு தினமும் குவிந்தது. 2002இல் அவரும் கூட வேலை பார்த்தவர்களும் அந்தக் கழிவை மக்க வைத்து மொட்டை மாடியில் செடி வளர்க்கத் தொடங்கினார்கள். காய் வந்தது. பழ மரமும் வந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. 2009இல் தொண்டர்களைச் சேர்த்துக் கொண்டு 'அர்பன் லீவ்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். விடுமுறை நாளில் கூடினார்கள். மாடியில் மண் செய்வது எப்படி, விதைப்பது எப்படி என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்.

அகோலா அல்ல, அகோலே. அது வேறு ஊர். அகமதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்துக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர். அகோலே தாலுகாவில் கொம்பாள்ணே என்ற மலைக் கிராமம். அங்கே ராஹிபாய் போபேரே என்ற பழங்குடிப் பெண் இருக்கிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. அவரை, நெல், கீரை என்று நாட்டு விதைகளைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றினார். மற்ற பெண்களுக்கு விதை கொடுத்தார். வளர்க்கவும் விதை எடுத்து வைக்கவும் சொல்லிக் கொடுத்தார். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அவருக்குக் கிடைத்தது. இன்று படித்தவர்கள் அவரிடம் போய்க் கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் தாராவி ஓரத்தில், மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர். உள்ளே போனால் காடு போல இருக்கும். அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது தெரியுமா? குப்பை மேடு. மும்பையின் குப்பையைக் கொட்டிய இடம். மண் போட்டு, மரம் நட்டு, 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். குப்பை மேட்டில் காடு வளர்ந்த ஊர் இது. நம் வாளியில் கீரை வளராதா?

நாளைக்கு நாம் வீடு மாற வேண்டி வரலாம். எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி என்று தெரியாது. வாளியைத் தூக்கிக் கொண்டு போகலாம். வாளி உடைந்தாலும் விதை இருக்கும். விதை தீர்ந்தாலும் வளர்க்கத் தெரிந்த கை இருக்கும். அந்தக் கை ஒன்றாக மட்டும் இருந்தால் ஆபத்து. பத்துக் கையாக வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தெரியும். ஒரு அக்காவுக்கு முருங்கைக் கொம்பு எப்படி நடுவது என்று தெரியும். ஒரு அண்ணனுக்கு டிரம் பார்த்தால் எதிலிருந்து வந்தது என்று தெரியும். அடுத்த ஞாயிறு முதல் வாரம் ஒருவர் சொல்லிக் கொடுங்கள். மற்றவர்கள் நோட்டில் எழுதிக் கொள்வோம். முதல் வாரம் அத்தை. ஒத்துக் கொண்டுவிட்டார்கள். பேர் போடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

அத்தை தன் செடியிலிருந்து எடுத்த விதை இந்தத் தட்டில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு சிட்டிகை. பக்கத்தில் காகிதமும் பென்சிலும் இருக்கிறது. பொட்டலம் மடித்து அதன் மேல் மூன்று விஷயம் எழுத வேண்டும். விதையின் பெயர், இன்றைய தேதி, உங்கள் பெயர்.

எழுதியவர்களுக்குத்தான் விதை. பிழை இருந்தால் பரவாயில்லை. எழுதுங்கள்.