கனவிற் கண்ட பொன்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





அண்மையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் இரவு வேளையில் என்னைத் தேடி வந்தார். மூன்று முறை ஒரே கனவு கண்டாராம். நம் நீர்த்தேக்கக் கரையிலே ஒரு மரம். அதனடியிலே பானை நிறையப் பொன். "மண்வெட்டி இருக்கிறது, துணைக்கு நீ வா" என்றார். நான் சிரித்தேன். ஆனால் உண்மையைச் சொல்வதாயின், அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தந்தையாரின் கடன், தங்கையின் கலியாணம், ஒரு வீடு என்று அந்தப் பொன்னைச் செலவழிக்கத் தொடங்கிவிட்டேன். பிறர் கண்ட கனவு என்னையும் பிடித்துக்கொண்டது.

ஓர் அரசாங்கத்தையே அவ்வாறு ஒரு கனவு பிடித்த வரலாறு உண்டு. 2013ஆம் ஆண்டு, இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில், உன்னாவ் மாவட்டத்துத் தௌண்டியா கேரா என்னும் சிற்றூரில் அது நிகழ்ந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் பங்குகொண்டமைக்காக ஆங்கிலேயராற் தூக்கிலிடப்பட்டவர் ராவ் ராம் பக்ஷ் சிங். அவர் சோபன் சர்க்கார் என்ற துறவியின் கனவில் தோன்றி, தம் கோட்டையின் கீழ் 1,000 தொன் பொன் புதைந்துள்ளது என்றாராம். மத்திய அமைச்சர் ஒருவர் அதனை நம்பினார். நிலத்தடியில் உலோகம் இருக்கக்கூடும் எனப் புவியியல் ஆய்வுத் துறை அறிக்கை கொடுத்தது. ஒக்டோபர் 18ஆம் நாள் தொல்லியல் துறை அகழத் தொடங்கிற்று. சனத்திரள் கூடியது, கடைகள் முளைத்தன.

அந்நாளில் இந்திய ரிசர்வ் வங்கி வைத்திருந்த பொன் முழுவதும் ஏறக்குறைய 558 தொன். சிற்றூர்க் கோட்டைத் தலைவர் ஒருவரிடம் அதனினும் ஏறக்குறைய இருமடங்கு எவ்வாறு இருந்திருக்கும்? பள்ளிப் பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்வி. அறிவு அங்கே இல்லாமற் போகவில்லை; ஆசைக்கு ஏவல் செய்தது. சில வாரங்களில் வேலை நின்றது. கிடைத்தவை மட்பாண்டத் துண்டுகளும் உடைந்த வளையல்களுமே.

கனவே தீது என்பேனல்லேன். கணித மேதை இராமானுஜன், நாமகிரித் தாயார் கனவிற் சூத்திரங்களை அருளினார் என்று சொன்னவர். ஆயினும் பேராசிரியர் ஹார்டி அவரிடம் நிரூபணம் கேட்டார். பல சூத்திரங்கள் நிலைத்தன. பகா எண்களைப் பற்றி 1913இல் அவர் எழுதியவற்றுட் சில பிழையெனத் தெரிந்தன. கனவு சாட்சி சொல்லலாம், தீர்ப்பு வழங்கலாகாது.

பழைய தெல்தெனிய நகரம், 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை தேக்கிய நீரில் மூழ்கியது. அங்கே நம் மூத்தோர் விட்டுவந்தவை வாசற்படிகளும் கடைத்தளங்களுமே. அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது 1940ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி குற்றம். குழி சரிந்தால் உயிருக்கும் ஆபத்து.

மறுநாள் நண்பரிடம் சென்றேன். இம்முறை சிரிக்கவில்லை. "உனக்கு எவ்வளவு கடன்?" என்று மட்டும் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசினார். அந்த மரத்தடிக்கு நாங்கள் போகவில்லை.

பெரியோர்களே, புதையற் கனவோடு ஓர் இளைஞன் வந்தால் பரிகசியாதீர்கள். அவன் வீட்டுக் குறையைக் கேளுங்கள். அதற்கு இச்சங்கம் தன்னாலான கைகொடுக்க வேண்டுமென்று வேண்டி, விடைபெறுகிறேன்.