பக்கவாதம்: 4½ மணி நேர அவகாசம்

(ஜுமுஆவிற்குப் பின் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பக்கவாதம் கண்டவரின் வீட்டார் பலர், தண்ணீர் ஓதித் தருமாறு முதலில் பள்ளிவாசலுக்கே வருகின்றனர். எப்போது தொடங்கியது என்று கேட்டால், "நேற்று மஃரிபுக்குப் பிறகு" என்கின்றனர். அப்பதிலைக் கேட்டு உள்ளம் கலங்குகிறது.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ உண்டாவது இந்நோய். அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. அறிகுறி தோன்றிய 4½ மணி நேரத்திற்குள் அதனைச் செலுத்தியாக வேண்டும். அதற்கும் முன்பு, சி.டி. ஸ்கேன் எடுத்து இரத்தக் கசிவு இல்லையென உறுதி செய்தாக வேண்டும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006-இல் கணக்கிட்டுள்ளனர். நம் மடவார் வளாகத்திலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். பயணமும் ஸ்கேனும் போக எஞ்சுவது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

தோளோடு தோள் நின்று தொழும் நமக்கு இதன் அடையாளங்கள் எளிதில் புலப்படும். தக்பீருக்கு உயர்த்திய கைகளில் ஒன்று தளர்ந்து தாழ்வது. தஸ்பீஹ் மணி விரல்களிலிருந்து நழுவுவது. அன்றாடம் ஓதும் ஃபாத்திஹாவில் நாக்குழறுவது. ஸலாம் கொடுத்துத் திரும்பியவரின் வாய் ஒருபுறம் கோணியிருப்பது. திடீரெனப் பார்வை மங்குவதும், நடை தள்ளாடுவதும், முன்பு அறியாத கடுந்தலைவலியும் அவ்வாறே.

சிலருக்குப் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். நம் முஹல்லாவின் பெரியவர் ஒருவர் அஸருக்குப் பின் சற்றுநேரம் பேச்சுக் குழறினார். பின்னர்த் தெளிந்து, தேநீர் அருந்தி இல்லம் சென்றார். அருகிலிருந்த நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றேனே தவிர, மருத்துவமனைக்குச் செல்லுங்கள் எனக் கூறவில்லை. மூன்றாம் நாள் அவரது வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. மறைந்துவிட்ட குழறலும் ஓர் எச்சரிக்கையே, அன்றே மருத்துவரைக் காண வேண்டும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

மருத்துவம் செய்வது தவக்குலுக்கு மாறானதோ என்று ஐயுறுவோர் உளர். இதே வினாவை நாட்டுப்புற அரபிகள் வினவியபோது, மருத்துவம் செய்துகொள்ளுமாறே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. ஓதிப் பார்ப்பதும் மார்க்கத்தில் உள்ளதே. அதனை ஆம்புலன்ஸில் அமர்ந்தும் ஓதலாம். புறா இரத்தம் பூசுவதோ வேறு. ஓடிய இரத்தம் நஜீஸ், மருந்துமன்று.

ஓதிய தண்ணீராயினும் ஜம்ஜமாயினும் அந்நிலையில் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் ஆற்றல் தளர்ந்திருப்பின் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆஸ்பிரின், இரத்த அழுத்த மாத்திரை எதனையும் நாமாகக் கொடுக்கலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். நம் மாநிலத்தில் 2008 முதல் இச்சேவை உள்ளது. பக்கவாதம் என ஐயுறுவதாகச் சொல்லி, ஸ்கேனும் அந்த ஊசியும் உள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்லக் கேளுங்கள்.

ஃபஜ்ருக்கு எழும்போதே கை வரவில்லையெனில், இரவில் கடைசியாக நலமுடன் இருந்தது எத்தனை மணிக்கு என மருத்துவர் கேட்பார். அதனை அறிந்திருப்போர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மக்களே. ஆகவே ஆண்கள் மட்டும் வண்டியில் ஏறிக்கொள்ளாமல், அவர்களுள் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நோயாளி உண்டுவரும் மாத்திரைகளையும் அவரே எடுத்து வரட்டும். வஸ்ஸலாம்.