குங்ஃபூ கற்றலும் கற்பித்தலும்

 

நம் லிங்கராஜபுரத்து இளைஞர் ஒருவர் பல்லாண்டுகளாகச் சீனத்துக் குங்ஃபூ பயின்று வருகிறார். இப்போது தாமே ஆசிரியராகி நம் பிள்ளைகளுக்குப் பயிற்றுவிக்க விழைகிறார். பெற்றோர் பலர் நம்மிடம் கருத்துக் கேட்டனர்.

குங்ஃபூ என்னும் சொல்லுக்குச் சண்டை என்பது பொருளன்று. காலமும் உழைப்பும் செலவிட்டுப் பெற்ற தேர்ச்சி என்பதே பொருள். கைதேர்ந்த சமையற்காரனுக்கும் அது பொருந்தும். குதிரைமேல் அமர்ந்தாற்போல் முழங்காலை மடக்கி அசையாது நிற்பதே தொடக்கப் பாடம். குத்தும் உதையும் பின்னரே. ஆசிரியரைச் ‘சிஃபு’ என்பர். அச்சொல்லை எழுதும்போது ஆசான், தந்தை எனும் இரு எழுத்துகளைச் சேர்த்தெழுதுவர்.

‘போதிதருமர் அருளிய தமிழர் கலை’ என்று பலகை வைக்க இளைஞர் எண்ணினார். நாம் இசையவில்லை. 2011-இல் ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் வந்ததுமுதல் பலர் இதனை வரலாறென்றே கொண்டுள்ளனர். ஷாவோலின் மடம் 495-ஆம் ஆண்டளவில் எழுந்தது. அது பத்துவோ என்ற வேறோர் இந்தியத் துறவிக்காக அமைந்தது என்பர். 547-ஐ ஒட்டி எழுதப்பட்ட சீன நூலொன்று போதிதருமரைப் பாரசீகர் என்கிறது. மற்றொரு பழங்குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் காஞ்சிபுரம் இல்லை; கைச்சண்டையும் இல்லை. அவர் பெயரால் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூலோ 1624-ஐ ஒட்டியே தோன்றியது. ரயில்வே கணக்கில் ஒரு ரூபாய் தவறினும் நம்மிடம் விளக்கம் கேட்பர். இங்கோ ஆயிரம் ஆண்டு தவறியும் கேட்பாரில்லை! 621-இல் ஷாவோலின் துறவிகள் தாங் அரச குலத்துக்காகப் போரிட்டதற்கு 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டே சான்று. அப்பெருமை சீனருடையது.

அழகாக உதைப்பவரெல்லாம் ஆசிரியராகிவிட முடியாது. மந்தமான சிறுவனிடம் பொறுமை காட்டுகிறாரா, வளரும் முழங்காலைக் கடுந்தரையில் வருத்தாது காக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஆகவே, ஈராண்டு தம் ஆசிரியரின் கண்காணிப்பில் சிறுவர்க்குக் கற்பிக்குமாறும், அதுவரை கைவசமுள்ள வேலையை விடாதிருக்குமாறும் கூறினோம்.

“பெண் பிள்ளைகளுக்கு எதற்கு?” என்று சிலர் வினவினர். 1910-இல் சாங்காயில் தொடங்கிய சின் வூ கழகம் பல பிரிவுகளின் கலைகளையும் ஒளிவின்றிக் கற்பித்தது. சில ஆண்டுகளிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 1920-களில் அது தமிழர் வாழும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பரவியது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே முடிந்த வழக்கை இங்கே மறுபடி நடத்த வேண்டுவதில்லை.

இளைஞர் இசைந்துள்ளார். பலகையில் தம் ஆசிரியர் பெயரையும் தாம் பயின்ற பிரிவின் பெயரையும் மட்டுமே எழுதுவார்.