புது வீட்டில் குடியேறும் நம்மவர்களுக்கு
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்துக் காம்பரா ஒழுகினால் துரையிடம் போய் நின்றோம். 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய வீட்டுக்கு இனி நாம்தான் பொறுப்பு.

முதலில் பின்பக்கத்து மண்மேட்டைப் பாருங்கள். குசினியைப் பெருப்பிக்க அதை வெட்டாதீர்கள். அடைமழையில் சரிந்து வருவது அந்த மண்தான். கானை அடைக்க விடாதீர்கள். கூரைத் தண்ணீர் கானில் விழ வேண்டும், கீழ்வீட்டுக்காரர் சுவரில் அல்ல. (பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது.) நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு கண்டால், சாமானைப் பார்க்காமல் பிள்ளைகளோடு வெளியேறி, கிராம சேவகருக்கு அறிவியுங்கள்.

உறுதிப்பத்திரம் கிடைத்தவர்கள் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். கிடைக்காதவர்கள் இன்றே தோட்டத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். உறுதி இல்லாத வீட்டை நம் வீடென்று எப்படிச் சொல்வது? மொத்தமாகச் சேர்ந்தே கேட்போம்.