படகு வாங்கலாமா?

(மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் கூடுதலானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. கார்பஸ் நிதியிலிருந்து அவுட்போர்டு எஞ்சினோடு புது மீன்பிடிப் படகு ஒன்று, அதைக் காரில் கட்டி இழுக்க ஒரு டிரெய்லர். மழைக்காலத்தில் நமக்குப் பாதுகாப்பு, மற்ற மாதங்களில் விருப்பமுள்ளவர்கள் பழவேற்காட்டுக்கு இழுத்துப்போய் மீன் பிடிக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார்கள். நான் முப்பது வருடம் காசிமேட்டுப் பக்கம் அவுட்போர்டு எஞ்சின் சர்வீஸ் பார்த்தவன். அதனால்தான் என்னைப் பேசச் சொன்னார்கள்.

இந்த யோசனையைக் கேலி செய்ய வேண்டாம். நமக்கு ஒரு பக்கம் கூவம். மறுபக்கம் கொசஸ்தலை ஆற்றின் மேல் பூண்டி ஏரி. கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையிலிருந்து பிரிந்து வருவதுதான் கூவம். அதனால் மேலே அரக்கோணம் பக்கம் கொட்டுகிற மழை இரண்டு வழியாகவும் நம்மைத் தேடி வரும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்குப் படகு ஆசை வருவதில் தப்பே இல்லை.

முதலில் அந்த 2015-ஐச் சொல்கிறேன். டிசம்பர் 1-ந்தேதி மழையில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நம்மில் பலரும் டிவியில் பார்த்தது படகு தெருவில் போகிற காட்சியைத்தான். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் காட்டவில்லை. கடற்கரை மணலில் கிடக்கிற படகு சுமார் ஒரு டன் எடை இருக்கும். அதைப் பத்துப் பதினைந்து பேர் தோள் கொடுத்துத் தூக்கி, லாரித் தளத்தில் பழைய டயர் போட்டு, அதன்மேல் உட்காரவைத்து, நான்கு பக்கமும் கயிறு கட்டி, எஞ்சினைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொண்டு வரவேண்டும். இறக்குகிற இடத்திலும் அத்தனை பேர் வேண்டும்.

2018 ஆகஸ்டில் கேரளத்திலும் இதேதான். 669 படகுகள், குறைந்தது 65,000 பேர் மீட்பு என்று அந்த அரசு கணக்குச் சொன்னது. கொல்லத்திலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் படகுகள் பத்தனம்திட்டாவுக்கும் செங்கன்னூருக்கும் போனது லாரியில்தான். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அரசு அறிவித்தது. காசு வேண்டாம் என்று சொன்ன மீனவர்களும் இருந்தார்கள். நான் கவனிக்கச் சொல்வது லாரியை. ஏன் லாரி? தண்ணீர் நிற்கிற சாலையில் உயரமான வண்டி மட்டும்தான் படகைக் கொண்டு வரும்.

இப்போது நம் தீர்மானத்துக்கு வாருங்கள். காரில் டிரெய்லரைக் கட்டி இழுப்போம் என்கிறார்கள். படகு தேவைப்படுகிற அன்றைக்குக் கார் எங்கே ஓடும்? சைலன்ஸர் மூழ்குகிற அளவு தண்ணீரில் உங்கள் எஸ்யூவியும் நின்றுவிடும். சரி, படகை முன்கூட்டியே வளாகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றால், அப்போது டிரெய்லர் எதற்கு? வாசல் வரை தள்ள இரண்டு சக்கரத் தள்ளுவண்டி போதும். அதையும் பேஸ்மென்டில் வைக்கக் கூடாது. தண்ணீர் முதலில் நிறைகிற இடம் அதுதான். படகு மிதக்கும், மிதந்து மேல் தளத்தில் முட்டி நிற்கும். சாய்தளம் வழியாக அதை வெளியே எடுக்க அப்போது யாராலும் முடியாது.

டிரெய்லர் என்பது காரின் பின்னால் மாட்டுகிற ஒரு இரும்புச் சட்டம் என்று நினைக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988 அதையும் ஒரு மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட், பின்னால் பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். உங்கள் காரின் ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் இழுப்பதற்கு இடம் தருகின்றனவா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஷோரூமில் வாயால் சொல்வது விபத்துக்குப் பிறகு செல்லாது.

இழுப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டிரெய்லரும் படகும் சேர்ந்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கி மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல நெளியும், கூடினால் காரின் பின்பக்கம் இறங்கி முன் சக்கரம் பிடியை இழக்கும். படகை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தினாலே இந்தக் கணக்கு மாறிவிடும். படகின் அமரம், அதாவது பின்முனை, டிரெய்லரின் சட்டத்தின் மேல் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது வெளியே தொங்கி, அதில் நாற்பது கிலோ எஞ்சினும் மாட்டியிருந்தால், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அந்தப் பலகை அடி வாங்கும். இங்கிருந்து திருவள்ளூர் போவதற்குள் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று உங்களுக்கே தெரியும். ரிவர்ஸ் எடுப்பது தனிக் கலை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகும். காலி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள்.

எஞ்சின் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும், அது என் பிழைப்பு.

வாங்கும்போது குதிரைத்திறனை மட்டும் கேட்காதீர்கள். ஷாஃப்ட் நீளத்தைக் கேளுங்கள். சாதாரணமாக 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவு வரும். படகின் பின்பலகை உயரத்தை அளந்து, அதற்குப் பொருந்துவதை வாங்க வேண்டும். குட்டையாக இருந்தால் புரொப்பெல்லர் காற்றைக் கடைந்து கத்தும், படகு நகராது. நெட்டையாக இருந்தால் தெருவில் அடி தட்டும். தெரு வெள்ளத்தில் மூன்றடித் தண்ணீருக்கடியில் என்ன இருக்கும்? கார் பானெட், காம்பவுண்டுச் சுவரின் கம்பி, திறந்த மேன்ஹோல். இவற்றில் எது பட்டாலும் புரொப்பெல்லர் இறகு போய்விடும். நம் கடற்கரையில் பலர் வைத்திருக்கிற லாங்டெயில் எஞ்சினில் தண்டு நீளமாகச் சாய்ந்து வரும், ஆழமில்லாத இடத்தில் மேலே தூக்கிவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் நிறைய இடம் வேண்டும், நம் பிளாக்குகளுக்கு நடுவே அது திரும்பாது.

அவுட்போர்டு சூடாகாமல் இருப்பது அது நிற்கிற தண்ணீரால்தான். உள்ளே இம்பெல்லர் என்று கையளவுகூட இல்லாத ரப்பர் சக்கரம் ஒன்று தண்ணீரை இழுத்து மேலே அனுப்பும். எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். தெரு வெள்ளத்தில் அது நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பால் பாக்கெட்டும் கேரி பேகும்தான். 2015-க்குப் பிறகு என்னிடம் வந்த எஞ்சின்களில் நான் வெளியே எடுத்தது அதைத்தான், கூடவே ஒரு பள்ளிக்கூட டையும் இருந்தது. அனுபவப்பட்ட மீனவர்கள் தெருவுக்குள் நுழைந்ததும் எஞ்சினை அணைத்துத் தூக்கிவிட்டு, மூங்கில் கழியால் தள்ளினார்கள் அல்லது இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிறு பிடித்து இழுத்தார்கள். அவர்களே அணைத்த எஞ்சினை நாம் ஓட்டப்போகிறோமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று, சும்மா கிடக்கிற எஞ்சினைப் போலக் கெட்டுப்போவது எதுவுமில்லை. வருடத்தில் பதினோரு மாதம் உறையைப் போட்டு மூடி வைத்தால் இம்பெல்லர் ரப்பர் ஒட்டிக்கொள்ளும், கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகும். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நவம்பரில் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகாது. மாதம் ஒருமுறை தண்ணீர் டிரம்மில் நிறுத்திப் பத்து நிமிடம் ஓட விடுகிற ஆள் வேண்டும். நம் ஜெனரேட்டரை அப்படி ஓட விடுவதற்கே கமிட்டியில் மூன்று முறை கடிதம் எழுத வேண்டியிருந்தது, அதை இங்கே விரிக்க வேண்டாம். பெட்ரோலை எங்கே வைப்பது என்பதும் கேள்விதான். முப்பது லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதற்காக, குழந்தைகள் விளையாடுகிற ஸ்டில்ட் பார்க்கிங்கில் கேனை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மீன்பிடிக்கிற ஆசைக்கும் ஒரு வார்த்தை. பூண்டி சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரி. 1944-இல் அதற்காகவே கட்டியது. அதில் நாம் பெட்ரோல் எஞ்சின் விடக் கேட்பதே முறையில்லை. பழவேற்காடு ஏரியில் எந்த ஊரார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதற்குப் ‘பாடு’ என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரோடு போய் இறங்கினால் நாம் இன்னொருவர் சோற்றில் கை வைக்கிறோம். கடலில் மீன்பிடிக்கிற படகுக்கு 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்வளத்துறைப் பதிவு வேண்டும். மீன் ஆசை இருப்பவர்கள் அங்கேயே ஒரு மீனவரின் படகில் வாடகை கொடுத்துப் போய் வாருங்கள். செலவும் குறைவு, வழி தெரிந்த ஆளும் கூட இருப்பார்.

அப்படியானால் வெள்ளம் வந்தால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. நாம் நினைப்பதைவிட நல்ல இடத்தில் இருக்கிறோம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருப்பது அரக்கோணம் பக்கத்தில், நம் ரயில் பாதையிலேயே. தமிழ்நாட்டில் எங்கே புயல் என்றாலும் அணிகள் புறப்படுவது அங்கிருந்துதான். அவர்களின் ரப்பர் படகு காற்றை இறக்கினால் சுருண்டு வண்டிக்குள் போய்விடும். டிரெய்லர் வேண்டாம், பத்துப் பேர் தோளும் வேண்டாம். பைபர் படகு வேண்டுமென்றால் நம் மாவட்டத்துக்கே கடற்கரை இருக்கிறது. லாரியும் கிரேனும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கின்றன. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் ஒவ்வொரு லிஃப்டிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் படகு வாசலுக்கு வந்த பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது. கேரள வெள்ளத்தில் வேங்கரையில் ஒரு தானூர் மீனவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்து, தன் முதுகைப் படியாக்கிப் பெண்களை ரப்பர் படகில் ஏற்றிய வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அவரை வணங்கினோம், சரிதான். என் கண்ணுக்குப் பட்டது வேறு. ஆடுகிற படகில் ஏற வயதானவர்களுக்கு ஒரு படி இல்லை. நம்மிடம் இருக்கிறதா? ‘சி’ பிளாக் மூன்றாம் மாடியில் படுத்த படுக்கையாக இருப்பவரை, லிஃப்ட் நின்றபின், யார் எதில் வைத்து இறக்குவார்கள்? டயாலிசிஸ் போகிறவர்கள் எத்தனை பேர், எந்தக் கிழமை? மீட்பு அணி வந்து கேட்கும்போது செக்யூரிட்டியிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. படகுத் தீர்மானத்தை இந்த வருடம் தள்ளிவையுங்கள். அந்தப் பணத்தில் சிறு பகுதியை எடுத்து நாற்பது லைஃப் ஜாக்கெட், அதில் பத்து குழந்தைகளுக்கான அளவில், நூறு மீட்டர் நைலான் கயிறு இரண்டு, மடக்கும் ஸ்ட்ரெச்சர் இரண்டு, கனமான மர முக்காலி ஒன்று வாங்குவோம். இல்லை, படகு வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னால் நான் எதிர்த்து ஓட்டுப் போட மாட்டேன். எஞ்சின் இல்லாத, துடுப்புப் போடுகிற சிறிய படகாக வாங்குங்கள், மொட்டை மாடிக்குக் கீழே முதல் தளத்து நடைபாதையில் கவிழ்த்து வையுங்கள். அதற்கு நீச்சல் தெரிந்த நான்கு பேர் முதலில் பெயர் கொடுக்கட்டும், பிறகு செக் எழுதலாம். எஞ்சினோடுதான் என்றால் மாதப் பராமரிப்பை நான் பார்த்துத் தருகிறேன், எனக்கு வயது அறுபத்தெட்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுவாரி விவரப் படிவம் செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. அக்டோபர் 10-க்குள் நிரப்பிக் கொடுங்கள். படுக்கையில் இருப்பவர், ஆக்சிஜன் தேவைப்படுபவர், கைக்குழந்தை உள்ள வீடுகள் முதல் பக்கத்தில் எழுதவும். வாடகைக்கு இருப்பவர்களும் கட்டாயம் எழுதுங்கள். உரிமையாளர் கையெழுத்து தேவையில்லை.